அலமாரி வரிசையில் ஓர் இணையதளம்

நெல்லைச் சீமையில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் கணினிப் பொறுப்பில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எங்கள் இணையதளத்தில் எல்லாத் தகவலும் இருக்கிறது. ஆனாலும் ஜனங்கள் போன் போட்டுத்தான் கேட்கிறார்கள், இல்லையென்றால் பஸ் ஏறி நேரில் வந்துவிடுகிறார்கள். முகப்பில் மட்டும் நூற்றுக்கும் மேல் இணைப்புகள். தளத்தைச் சீரமையுங்கள் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். புது டிசைன் போட ஆள் பார்க்கவா, மெனுவை மாற்றினால் போதுமா?"

டிசைனுக்கு ஆள் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் தம்பி. நானும் இதே வேலையை இந்தப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பார்த்தவன்தான். முதல் தடவை நாங்கள் செய்தது இரண்டே காரியம்: வண்ணத்தை மாற்றினோம், மேலே ஓடுகிற படங்களை மாற்றினோம். கேக் வெட்டித் திறந்து வைத்தார்கள். மறுநாள் காலை 10 மணிக்கு அதே போன்கள், அதே கேள்விகள்.

உங்கள் மெனுவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பொதுப் பிரிவு, வருவாய்ப் பிரிவு, பொறியியல் பிரிவு, சுகாதாரப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு என்று போகும். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதற்கான வரிசை அது. உள்ளே வேலை பார்க்கிறவருக்குத் தலைகீழ்ப் பாடம். வெளியிலிருந்து வருகிறவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பிறப்புச் சான்று வேண்டும். அது சுகாதாரப் பிரிவின் கீழ் இருக்கும் என்று அவர் எப்படி ஊகிப்பார்? வீடு வாங்கியவர் 'வருவாய்' என்ற சொல்லைப் பார்த்ததும் தாலுகா ஆபீசை நினைத்துக்கொள்கிறார். உங்களுக்கோ அது வரி வசூல் பிரிவு. தகவல் இருக்கிறது என்று நீங்கள் சொல்வதும் உண்மை, கிடைக்கவில்லை என்று அவர்கள் சொல்வதும் உண்மை.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு திங்கட்கிழமை காலையில், குறைதீர்க்கும் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் போய் நில்லுங்கள். மனு எழுதித் தருகிறவர்களைக் கவனியுங்கள். வருகிறவரிடம் அவர்கள் "எந்தப் பிரிவு?" என்று கேட்பதே இல்லை. "என்ன விஷயம்?" என்பார்கள். கதை முழுதும் கேட்டுவிட்டு, கடைசியில்தான் 'பெறுநர்' என்று எழுதி அதற்குக் கீழே அதிகாரியின் பதவியைப் போடுவார்கள். விஷயத்தைப் பிரிவாக மாற்றுகிற வேலையை அவர்கள் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் முகப்புப் பக்கம் செய்ய வேண்டியதும் அதையேதான்.

ஆகவே முதல் இரண்டு வாரம் கணினிப் பக்கமே போகாதீர்கள். நாற்பது பக்க நோட்டு மூன்று வாங்கி, ஒன்றை அலுவலகப் போனுக்குப் பக்கத்திலும், ஒன்றை வாசலில் இருக்கும் காவலாளியிடமும், ஒன்றைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ கொடுத்துவிடுங்கள். யார் எதைக் கேட்டாலும், கேட்ட சொல்லிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திருத்தி எழுத வேண்டாம் என்று சொல்வது முக்கியம். நம் எழுத்தர்கள் கையில் கொடுத்தால் 'வீட்டுத் தீர்வை' என்று வந்த கேள்வி 'சொத்து வரி விதிப்பு தொடர்பாக' என்று பதிவாகிவிடும்.

இன்னொரு சுரங்கம் உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது: தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்கள். கடைசி இரண்டு வருடக் கட்டை எடுத்து, ஒரே மாதிரியான கேள்விகளைப் பென்சிலால் குறியுங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டிய 17 இனங்களைப் பட்டியலிடுகிறது. 4(2) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மக்கள் இந்தச் சட்டத்தைத் தேடி வர வேண்டிய தேவையே குறையும் அளவுக்குத் தகவலைத் தாமாக வெளியிட முயல வேண்டும் என்கிறது. பெரும்பாலான தளங்களில் அந்த 17 இனமும் ஒரே ஒரு பெரிய பிடிஎஃப் கோப்பாகக் கிடக்கும். சட்டம் சொன்னதைச் செய்தாயிற்று, ஜனங்களுக்குப் பிரயோசனம் இல்லை. திரும்பத் திரும்ப வந்த ஆர்டிஐ கேள்வி ஒவ்வொன்றும் உங்கள் தளத்தில் காணாமல் போன ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டுகள் திரும்பி வந்ததும் ஒன்றைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். கேட்கப்படுவதில் ஏராளமானவை உங்கள் அலுவலகத்து வேலையே இல்லை. பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, ஓஏபி என்கிற முதியோர் உதவித்தொகை, வில்லங்கச் சான்று. ஒன்று தாலுகா ஆபீஸ், இன்னொன்று வட்ட வழங்கல், மற்றொன்று சார்பதிவாளர் அலுவலகம். இவற்றை ஒதுக்கித் தள்ளிவிடாதீர்கள். 'எங்களிடம் இல்லாத காரியங்கள்' என்று ஒரு பக்கம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எங்கே போக வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். "அடுத்தவன் வேலையை நாம் ஏன் போட வேண்டும்" என்று உங்கள் கண்காணிப்பாளர் கேட்பார். அந்த ஒரு வரி, வயதானவர் ஒருவருக்கு அரைநாள் அலைச்சலையும் உங்கள் எழுத்தருக்கு ஒரு போனையும் மிச்சப்படுத்தும் என்று சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் முதலில் சண்டை வந்ததும் அந்தப் பக்கத்துக்குத்தான், பிறகு எல்லோரும் காட்டிப் பெருமைப்பட்டதும் அந்தப் பக்கத்தைத்தான்.

சரி, இப்போது கையில் ஐம்பது அறுபது காரியங்கள் இருக்கும். பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி, பின்பக்கத்தில் சீட்டுக்கு ஒரு காரியமாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, "எதெது சேர்ந்து இருக்க வேண்டுமோ அதைக் குவியலாக வையுங்கள், குவியலுக்கு ஒரு பெயர் வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் இதற்குக் கார்டு சார்ட்டிங் என்று பெயர். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மகளிர் சுய உதவிக்குழுவிலிருந்து இரண்டு பேர், பாளையங்கோட்டையில் படிக்கிற பையன்கள் இரண்டு பேர், ஒரு கடைக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மொபைலைப் பேரன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிற ஓர் ஆச்சி. உங்கள் அலுவலக ஊழியர் ஒருவர்கூட வேண்டாம். அவர்கள் அலமாரி வரிசையைத்தான் திரும்ப அடுக்குவார்கள்.

எங்களுக்கு இதில் கிடைத்த பெரிய பாடம் ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை, தீர்வை பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு பெயர் மாற்றம் என்ற ஐந்து சீட்டையும் ஒரே குவியலாக வைத்தார். அந்த ஐந்தும் இரண்டு அலுவலகங்களில் நாலு மேசையில் இருப்பவை. ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டோம். "அவுக போனபொறகு நான் அலைஞ்ச அலைச்சல்லா இது எல்லாம்" என்றார். அன்றைக்கே மெனுவில் 'குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால்' என்று ஒரு தலைப்பு வந்தது. எது முதலில், எது அதற்கு அப்புறம் என்ற வரிசையோடு வந்தது. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, வாரிசுச் சான்று இல்லாமல் பெயர் மாற்றத்துக்கு அலையத்தான் வேண்டும். பிரிவு வாரியாகப் போட்ட எந்தத் தளமும் இந்த வரிசையைச் சொல்லாது, ஏனென்றால் எந்த ஒரு பிரிவுக்கும் அந்த முழு வரிசை தெரியாது.

இதே போல 'குழந்தை பிறந்தால்', 'வீடு வாங்கினால், கட்டினால்', 'கடை வைத்தால்', 'தெருவில் பிரச்சினை' என்று ஏழெட்டுத் தலைப்புக்குள் உங்கள் அறுபதும் அடங்கிவிடும். டெண்டர், ஏல அறிவிப்பு, மன்றத் தீர்மானம் போன்றவற்றைத் தேடி வருகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு ஓர் ஓரத்தில் தனி வழி போதும், தவறாமல் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மெனு தயாரானதும் அதைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் தலைப்புகளை மட்டும் தாளில் எழுதி, வேறு சிலரிடம் காட்டி, "காலிமனைக்கு வரி கட்ட வேண்டும், எதைத் தொடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் மூன்று இடத்தில் விரல் வைத்தால் தலைப்பு சரியில்லை. ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000-த்தில் ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று எழுதினார். அந்த எண்ணைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. ஆனால் சுழியத்துக்கும் ஐந்துக்கும் உள்ள தூரம் பெரிது, ஐந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரம் அவ்வளவு இல்லை என்பது என் அனுபவம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தளம் எந்த மேடையில் ஓடுகிறது என்று விசாரியுங்கள். மாவட்ட நிர்வாகத் தளங்கள், மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) நடத்துகிற எஸ்3வாஸ் என்ற மேடையில் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. உள்ளாட்சிகள் பலவற்றுக்கும் இப்படியொரு பொது வார்ப்பு உண்டு. அப்படியானால் மேல் மெனுவைத் தொட உங்களுக்கு உரிமை இருக்காது. சோர்ந்துபோக வேண்டாம். பக்கத்தின் தலைப்பு, உள்ளே இருக்கிற வரிகள், நடுவில் வருகிற பெட்டிகள், எதை நீக்குவது என்ற முடிவு, இவ்வளவும் உங்கள் கையில்தான் இருக்கும்.

அடுத்தது தேடல் பெட்டி. நம் ஊரில் இது தனிக் கதை. ஒரே ஊருக்கு எத்தனை பெயர் பாருங்கள். சேரன்மகாதேவி என்று அரசு எழுதும், சேர்மாதேவி என்று ஜனங்கள் சொல்வார்கள். அம்பாசமுத்திரம் அம்பை ஆகும், பாளையங்கோட்டை பாளை ஆகும், விக்கிரமசிங்கபுரம் வி.கே.புரம் ஆகும். திருநெல்வேலியோ நெல்லை. ஆங்கில எழுத்தில் தட்டினால் இன்னும் மோசம்: 'தி'-க்கு எச் போட்டு ஒருவர், போடாமல் ஒருவர். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டதும் நினைவிருக்கும். எழுத்துக்கூட்டலைச் சட்டம் போட்டு ஒருமைப்படுத்துவது அவ்வளவு கடினம். அதனால் தேடுகிறவர் எப்படி எழுதினாலும் பிடிக்கிற மாதிரி, ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுச் சொற்களைச் சேர்த்துவிடுங்கள். சொத்து வரிப் பக்கத்தில் வீட்டுத் தீர்வை, வீட்டு வரி, தீர்வை ரசீது எல்லாம் இருக்கட்டும். திடக்கழிவு மேலாண்மைப் பக்கத்தில் 'குப்பை' என்ற சொல்லே இல்லாத தளங்களைப் பார்த்திருக்கிறேன்!

தேடலில் 'முடிவு எதுவும் இல்லை' என்று வந்த சொற்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை விட நேர்மையான ஆய்வு அறிக்கை உங்களுக்குக் கிடைக்காது.

எல்லைக் குழப்பமும் இங்கே அதிகம். பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-இல் தூத்துக்குடி போயிற்று. 2019 நவம்பரில் தென்காசி போயிற்று. இப்போது மிச்சம் 8 தாலுகாக்கள்: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை. ஆனால் ஆலங்குளத்துக்காரருக்கு மாவட்டம் தென்காசி, பாராளுமன்றத் தொகுதி திருநெல்வேலி. வருவாய்த் துறையின் எல்லையும் பதிவுத் துறையின் எல்லையும் மின்வாரியத்தின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் தளத்தில் 'உங்கள் தெரு அல்லது கிராமத்தின் பெயரைத் தட்டுங்கள்' என்று ஒரு பெட்டி வைத்து, வார்டு, வரி வசூலிப்பவர், கிராம நிர்வாக அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், காவல் நிலையம், மின்வாரியப் பிரிவு அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் காட்ட முடிந்தால் காட்டுங்கள். ஒரு எக்செல் தாள் போதும், பெரிய மென்பொருள் தேவையில்லை. பழைய மாவட்டக் காலத்துப் பக்கம் ஏதாவது கிடந்தால், 'இந்த ஊர் இப்போது தென்காசி மாவட்டம்' என்று மேலே எழுதி அந்த மாவட்டத் தளத்துக்கு வழி காட்டுங்கள்.

இனி பக்கத்துக்குள் வருவோம். மெனு எவ்வளவு அருமையாக இருந்தாலும், போய்ச் சேர்ந்த பக்கத்தில் 'பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் கீழ்...' என்று ஆரம்பித்தால் வந்தவர் போனை எடுத்துவிடுவார். முதல் வரியிலேயே பதில் இருக்க வேண்டும். பிறப்புப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

"குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பிறப்பு பதிவாகும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பின் 30 நாள் வரை தாமதக் கட்டணம் உண்டு. 30 நாளுக்கு மேல் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். குழந்தையின் பெயரைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்."

முதல் வரியை அங்கே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சுற்று வட்டாரத்துப் பிரசவங்கள் நிறைய பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அப்பா அம்மா தங்கள் ஊர் அலுவலகத்துக்கு வந்து, "எங்கள் பிள்ளை பெயர் ஏட்டில் இல்லையாம்" என்று வாக்குவாதம் செய்வார்கள். ஏட்டில் தப்பில்லை, பதிவே வேறு இடத்தில் நடந்திருக்கிறது. இந்த ஒரு வரி எங்கேயும் மேலே எழுதப்படாமல், மூன்றாம் பக்கத்தில் 'அதிகார வரம்பு' என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றுதான் ஆதாரம் என்று ஆகிவிட்டதால், இந்தப் பக்கத்துக்கு வருகிற கூட்டம் இனி கூடத்தான் செய்யும்.

ஒவ்வொரு பக்கத்திலும் என்ன கட்டணம், எத்தனை நாள், என்னென்ன காகிதம், எங்கே யாரிடம் என்ற நாலும் செல்போன் திரையில் முதலில் தெரிகிற இடத்துக்குள் வந்துவிட வேண்டும். சட்டம், விதி, அரசாணை எண் எல்லாம் கீழே இருக்கட்டும், வக்கீல் தேடி எடுத்துக்கொள்வார்.

பிடிஎஃப் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். நம் அலுவலகங்களில் வருடக்கணக்காக வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வந்தோம். திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் குறியீடுகளும்தான், அதன் மேல் தமிழ் முகமூடி. கூகுளுக்கும் உங்கள் தேடல் பெட்டிக்கும் அது தமிழ் என்றே தெரியாது. 2010 ஜூனிலேயே தமிழக அரசு, தமிழைத் தமிழாகவே கணினியில் பதிகிற யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு பொதுக் குறியீட்டு முறைகளையும் ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் பழைய சுற்றறிக்கையைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றிச் சேமிக்கிற பழக்கத்தால் பழைய எழுத்துருவும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. அதைவிட மோசம், அச்சடித்து, கையெழுத்து வாங்கி, சாய்வாக ஸ்கேன் பண்ணி ஏற்றுவது. அது வெறும் படம். விண்ணப்பப் படிவம் பிடிஎஃப்பாக இருக்கலாம், அச்செடுத்து நிரப்ப வேண்டும் அல்லவா. கையெழுத்திட்ட அசல் ஆணையையும் இணைத்துக்கொள்ளுங்கள். விளக்கம், கட்டணம், முகவரி போன்றவை யூனிகோடில் பக்கத்திலேயே எழுத்தாக இருக்க வேண்டும்.

இது வசதிக்காக மட்டும் இல்லை. பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் செல்போனில் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கிற கருவி போட்டுத்தான் எல்லாம் படிக்கிறார்கள். அப்படி ஒருவரை அழைத்து, உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் தளத்தில் வரி கட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்கேன் பண்ணிய அறிவிப்பு வந்ததும் கருவி மௌனமாகிவிடும். 'இங்கே கிளிக் செய்யவும்' என்ற இணைப்பு பத்து இடத்தில் இருந்தால் பத்து முறை 'இங்கே கிளிக் செய்யவும்' என்று மட்டும் வாசிக்கும், எதற்கு என்று சொல்லாது. அந்த அரைமணி நேரத்துக்குப் பிறகு உங்கள் கண்காணிப்பாளரிடம் நான் எழுதியதை எல்லாம் எடுத்துச் சொல்லத் தேவையே இருக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-உம், இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் இதைக் கேட்கின்றன. அந்த நெறிகள் 2009-இல் வந்தவை, மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்ற சர்வதேச அளவுகோலையும் டிசைன் செய்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். இளமஞ்சள் மேல் வெள்ளை எழுத்துப் போடுவதை அது ஒன்றே தடுத்துவிடும்.

முகப்பில் எதை எடுப்பது என்று கேட்டால், ஓடும் எழுத்தை எடுங்கள், சுழலும் படத்தை எடுங்கள், பார்வையாளர் எண்ணிக்கைப் பெட்டியை எடுங்கள். அந்த எண்ணிக்கையை நம் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறவர் அதைப் பொருத்தியவர் ஒருவர்தான். தலைவர்கள் படத்தை எடுக்கச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள். சின்னதாக மேலே ஒரு வரிசையில் போட்டுக்கொள்ளலாம், செல்போனில் பார்க்கும்போது கீழே இறங்கிவிடுகிற மாதிரி வைக்கலாம் என்று பேசி முடியுங்கள். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் இணைப்பு முகப்பில் வேண்டும் என்பார். அப்போது அந்த மூன்று நோட்டையும் மேசையில் வையுங்கள். எத்தனை பேர் கேட்டார்களோ அந்த வரிசையில் இடம். உங்கள் கருத்து என்று சொன்னால் வாதம் வரும், நோட்டுக் கணக்கு என்றால் வராது. "வேறு எங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா" என்று மேலதிகாரி கேட்டால், பிரிட்டன் அரசு 2012 அக்டோபரில் டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய தளங்களுக்கும் பதிலாக ஒரே தளத்தைக் கொண்டுவந்ததையும், மக்களின் தேவைப் பட்டியலிலிருந்துதான் அதைத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லலாம்.

முகப்பு பருவத்துக்கு ஏற்ப மாறவும் வேண்டும். சொத்து வரிக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்குகிறது. அந்த மாதங்களில் வரி மேலே வரட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு வேறொரு முகப்பு தயாராக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தாமிரபரணி கரையைத் தாண்டி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்து, பல இடங்களில் கரண்டும் சிக்னலும் போன நாட்கள் அவை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கோடு சிக்னலில் திறக்கிற பக்கம்தான் பக்கம். படம் கிடையாது, வண்ணப் பெட்டி கிடையாது. வெறும் எழுத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070, திறந்திருக்கும் முகாம்கள், மூடிய பாலங்கள், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் இத்தனை மணிக்கு இத்தனை கன அடி திறப்பு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் போட்டிருக்க வேண்டும். நேற்றைய திறப்பை இன்றைக்குப் படித்தால் ஆபத்து. பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அடைப்புக்குறியில் போட்டுவிட்டால், மட்டம் எவ்வளவு நெருங்கிவிட்டது என்று ஆற்றோரத்து ஆட்களுக்குப் பார்த்ததுமே புரியும். இந்த முகப்பை மாற்ற யாருக்கு அதிகாரம், அவருக்கு வீட்டில் கரண்ட் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்பதைச் செப்டம்பரிலேயே எழுதி வையுங்கள்.

எல்லாம் செய்து முடித்தபின் ஒரு வருடத்தில் தளம் பழையபடி குப்பையாகிவிடும். அதற்கு ஒரு மருந்துதான் எனக்குத் தெரியும்: பதிவேடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சீட், அதாவது அலுவலகத்தில் ஒரு மேசைப் பணியிடம், பொறுப்பு. ஆளின் பெயர் வேண்டாம், மாறுதலில் போய்விடுவார். சீட் எண் எழுதுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது கோப்பு, முத்திரை, சாவியோடு 'என் வசம் உள்ள இணையப் பக்கங்கள்' என்றும் ஒரு வரி ஒப்படைப்புப் பட்டியலில் சேரட்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' தெரியட்டும். ஆறு மாதம் யாரும் சரிபார்க்காத பக்கத்தின் பட்டியல் மாதாந்திரக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். வாசித்தால் போதும், நம் அலுவலகங்களில் தன் சீட் எண்ணைக் கூட்டத்தில் கேட்பதை யாரும் விரும்புவதில்லை.

கடைசியாக, திறக்கிற நாள். ஏப்ரல், அக்டோபர் வேண்டாம், திங்கட்கிழமையும் வேண்டாம். ஒரு புதன்கிழமை, சத்தமில்லாமல் மாற்றுங்கள். பழைய பக்கங்களின் முகவரிகள் இ-சேவை மையச் சுவரிலும், ஜெராக்ஸ் கடை ஸ்டிக்கரிலும், அச்சடித்த ரசீதின் பின்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பழைய முகவரியும் தானாகப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி அமைக்கச் சொல்லுங்கள், 301 திருப்பல் என்றால் தொழில்நுட்ப ஆட்களுக்குப் புரியும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுகிற சோம்பேறி வழியை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வரி கட்ட வந்தவரை முகப்பில் கொண்டுபோய் விட்டால் அவர் மறுபடி போனைத்தான் எடுப்பார். நீக்கிய பக்கங்களின் நகலை ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து, தேதி எழுதி, உங்கள் அலமாரியில் பூட்டி வையுங்கள். ஆர்டிஐயில் "முன்பு என்ன போட்டிருந்தீர்கள்" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். அந்த மூன்று நோட்டும் ஒரு மாதம் கழித்து அதே மூன்று இடத்துக்குத் திரும்பப் போகட்டும்.